அமெரிக்காவோட அனாமத்துக் கணக்கு

ப்ளஸ் ஒன்ல கணக்குப்பதிவியல் படிச்சவங்களுக்கு அனாமத்துக் கணக்குன்னா என்னன்னு ஞாபகம் இருக்கும். இருப்பாய்வுல பற்றும் வரவும் ஒத்துப் போகலைன்னா, தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த வித்தியாசத்தைத் தூக்கி இந்தக் கணக்குல போட்டு வைக்கிறது. தற்காலிக ஏற்பாடு அவ்வளவுதான். தப்பு தெரிஞ்சதும் அங்கேருந்து எடுத்து உரியவர் கணக்குல எழுதிடணும். எழுதாம அப்படியே விட்டா வாத்தியார் சிவப்பு மையில சுழிச்சிடுவார்.

அமெரிக்காவுல மக்களோட வைத்தியச் செலவை 80 வருஷமா இப்படித்தான் அனாமத்துல போட்டு வச்சிருக்காங்கன்னு எனக்குத் தோணுது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

போன வாரம் பொருளாதார வகுப்புல இந்தப் பேச்சு வந்தது. பாதிப் பேரு, "அவ்ளோ பணக்கார நாடு, ஏழைக்கு வைத்தியம் பாக்கக் காசு குடுக்காதா? அநியாயம்"னாங்க. மீதிப் பேரு, "அங்க எல்லாமே தனியார், அதனாலதான் தரமா இருக்கு"ன்னாங்க. பெல் அடிக்கிற வரைக்கும் சண்டை. ஆனா ரெண்டு கட்சியும் ஒரே ஒரு விஷயத்துல ஒத்துப் போனாங்க: அமெரிக்காவுல அரசாங்கம் வைத்தியத்துக்குக் காசு குடுக்கறதில்ல. தப்பே அந்த ஒண்ணுதான்!

கணக்கைப் பாருங்க. 2023ல அமெரிக்கா வைத்தியத்துக்குச் செலவு பண்ணது மொத்தம் 4.9 லட்சம் கோடி டாலர். நாட்டு மொத்த உற்பத்தியில 17.6 சதவீதம். தலைக்கு 14,570 டாலர். இதுல மத்திய அரசு போட்டது 32 சதவீதம். மாநில, உள்ளாட்சி அரசுகள் 16 சதவீதம். ரெண்டையும் கூட்டினா 48. அதாவது கிட்டத்தட்ட பாதிப் பணம் அரசாங்கக் கஜானாவுலேருந்து வருது. குடும்பங்கள் கைக்காசு, பிரீமியம் எல்லாம் சேத்துப் போட்டது 27 சதவீதம். தனியார் கம்பெனிகள் 18 சதவீதம்.

65 வயசு தாண்டினவங்களுக்கு மெடிகேர்னு ஒரு திட்டம். 6.5 கோடிப் பேருக்கு மேல அதுல இருக்காங்க. ஏழைகளுக்கு மெடிகெய்ட். அதுலயும் அது கூட இருக்கற குழந்தைகள் திட்டத்துலயும் சேத்து 7 கோடிக்கு மேல. முன்னாள் ராணுவத்தினருக்கு அரசாங்கமே ஆஸ்பத்திரி கட்டி, டாக்டருக்குச் சம்பளம் குடுத்து நடத்துது. சோஷலிசம்னு அவங்க எதைச் சொல்லிப் பயப்படறாங்களோ, அதோட அச்சு அசல் வடிவம் அதுதான். அதை ஒழிக்கணும்னு எந்தக் கட்சியும் தைரியமாச் சொல்லாது.

ஆக, அரசாங்கம் குடுக்கணுமா வேணாமாங்கற கேள்வி என்னைக்கோ முடிஞ்சு போச்சு. குடுக்குது. அப்புறம் ஏன் இன்னமும் சண்டை? இதுக்குப் பதில் எனக்கு எங்க பெரியம்மா பையன் மூலமாத்தான் கிடைச்சுது.

அண்ணன் டெக்சாஸ்ல டல்லாஸ் பக்கம் சாஃப்ட்வேர் வேலை. ஹெச்-1பி விசா. ஞாயித்துக்கிழமை வாட்ஸாப்ல கூப்பிட்டா கிரிக்கெட்ல ஆரம்பிச்சு அரசியல்ல வந்து நிக்கும். அவரோட வாதம் எப்பவும் ஒண்ணுதான்: "டேய், நான் ராத்திரி பகலா உழைச்சு வரி கட்டறேன். எவனோ வேலைக்குப் போகாம சோஃபால படுத்திருக்கறவனுக்கு நான் எதுக்குடா ஆஸ்பத்திரி பில் கட்டணும்?"

நான் பி.காம் புத்தியைக் காட்டினேன். "அண்ணா, உங்க வருமான வரிக்குக் கம்பெனி குடுக்கற டபிள்யூ-2 இருக்குல்ல, அதுல 12ஆம் கட்டத்துல டிடின்னு ஒரு தொகை இருக்கும். பாத்துச் சொல்லுங்களேன்."

பாத்தார். 26,040 டாலர்.

"என்னடா இது? என் சம்பளத்துல மாசம் 520தானே பிடிக்கறான்?"

அதான் மேட்டர். குடும்ப இன்சூரன்ஸுக்கு மாசம் 2,170 டாலர். அவர் சம்பளத்துலேருந்து தெரிஞ்சு போறது 520. மீதி 1,650ஐக் கம்பெனி கட்டுது. கம்பெனி தன் மாமியார் வீட்டுச் சொத்துலேருந்து கட்டலை. அதுவும் அவரை வேலைக்கு வச்சுக்கற செலவுதான், அவர் கைக்கே வராத சம்பளம். அந்த 1,650க்கு வருமான வரி கிடையாது. சமூகப் பாதுகாப்பு வரியும் கிடையாது. அதையே சம்பளமாக் குடுத்திருந்தா வரி பிடிச்சிருப்பாங்க. பிடிக்காம விட்ட வரி அரசாங்கத்துக்கு நஷ்டம், அதாவது அரசாங்கம் குடுத்த மானியம். அமெரிக்கா முழுக்க இந்த ஒரு சலுகையால போற வரி ஆண்டுக்குச் சுமார் 30,000 கோடி டாலர். மேல சொன்ன 48 சதவீதத்துல இது சேராது. சம்பளம் அதிகமானா வரி விகிதம் அதிகம், அதனால சலுகையும் அதிகம். சோஃபால படுத்திருக்கறவனுக்கு இதுல ஒத்த டாலர் கிடையாது.

"அப்ப நானும் அரசாங்கக் காசுலதான் வைத்தியம் பாத்துக்கறேன்கறியா?"ன்னார். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல. அப்புறம் சிரிச்சுட்டு பேச்சை மாத்திட்டார் :-)

இந்த ஏற்பாட்டை யாரும் உக்காந்து யோசிச்சுப் போடலைங்கறதுதான் வேடிக்கை. ரெண்டாம் உலகப் போர் நேரம். விலைவாசி ஏறக் கூடாதுன்னு 1942ல சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டாங்க. ஆள் பஞ்சம் வேற. சம்பளம் ஏத்த முடியாத கம்பெனிகள், ஆளைப் பிடிக்க இன்சூரன்ஸ் தர ஆரம்பிச்சாங்க. அது சம்பளத்துல சேராதுன்னு விட்டுட்டாங்க. அதுக்கு வரி இல்லைன்னு 1943ல ஒரு தீர்ப்பு மாதிரி வந்தது. 1954ல வருமான வரிச் சட்டத்துலயே எழுதிட்டாங்க. போர் முடிஞ்சு 80 வருஷம் ஆச்சு. தற்காலிகமாப் போட்ட பதிவு அப்படியே நிக்குது.

இன்னொரு பக்கம், 1945 நவம்பர்ல ஜனாதிபதி ட்ரூமன் எல்லாருக்கும் அரசாங்க இன்சூரன்ஸ்னு ஒரு திட்டத்தை முன்வச்சார். அமெரிக்க மருத்துவர் சங்கம் கோடாலியோட வந்து நின்னுது. திட்டம் போச்சு. 1961ல அதே சங்கத்துக்காக ஒரு நடிகர், அரசாங்க வைத்தியம் வந்தா சுதந்திரமே போயிடும்னு ஒரு இசைத்தட்டுல பேசிக் குடுத்தார். டாக்டர்களோட மனைவிமார் அக்கம்பக்கத்துக்காரங்களைக் காபி குடிக்கக் கூப்பிட்டு அந்தத் தட்டைப் போட்டுக் காட்டினாங்க. அந்த நடிகர் பேரு ரொனால்ட் ரீகன்.

ஆனாலும் 1965 ஜூலை 30ல ஜான்சன் மெடிகேருக்கும் மெடிகெய்டுக்கும் கையெழுத்துப் போட்டார். ட்ரூமன் ஊரான இன்டிபென்டன்ஸுக்கே போய், அவர் பக்கத்துல உக்காந்து போட்டார். முதல் மெடிகேர் அட்டையும் ட்ரூமனுக்குத்தான். 1971 நவம்பர்ல ஒரு சிறுநீரக நோயாளி நாடாளுமன்றக் குழு முன்னாடியே டயாலிசிஸ் பண்ணிக் காட்டினார். அடுத்த வருஷம் சட்டம் வந்தது: சிறுநீரகம் செயலிழந்தவங்களுக்கு எந்த வயசானாலும் மெடிகேர். நல்ல காரியம். ஆனா யோசிச்சுப் பாருங்க, கிட்னி போனா அரசாங்கம் பொறுப்பு, கல்லீரல் போனா உன் தலையெழுத்துங்கறதுக்கு என்ன தர்க்கம்? கண்ணு முன்னால தெரிஞ்சதுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டாங்க. தெரியாததை விட்டுட்டாங்க.

அப்புறம் 1986. அதே ரீகன், இப்ப ஜனாதிபதி. ஒரு பெரிய பட்ஜெட் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அதுக்குள்ள ரெண்டு விஷயம் இருந்தது. ஒண்ணு: அவசர சிகிச்சைப் பிரிவுக்கு யார் வந்தாலும், காசு இருக்கான்னு பாக்காம பரிசோதிச்சு, உயிராபத்து நீங்கற அளவுக்காவது வைத்தியம் பாக்கணும். மெடிகேர் பணம் வாங்கற எல்லா ஆஸ்பத்திரிக்கும் இது கட்டாயம். சரி, அதுக்குப் பணம்? சட்டம் ஒரு டாலர் ஒதுக்கலை. ஆஸ்பத்திரி எப்படியோ சமாளிக்கும். எப்படிச் சமாளிக்கும்? ஒரு பகுதியை மத்தவங்க பில்லுல ஏத்தும், ஒரு பகுதிக்கு வேற அரசாங்க நிதியைத் தேடும், ஒரு பகுதியை நஷ்டமா எழுதும். நோயாளிக்கும் பில் வரும், கட்ட முடியலைன்னா கடன் வசூலிக்கறவங்க வருவாங்க. சர்க்கரை நோயாளிக்கு மாசாமாசம் இன்சுலின் தர இந்தச் சட்டத்துல வழி இல்ல. இன்சுலின் இல்லாம மயங்கி விழுந்தா மட்டும் உள்ள எடுத்துக்கணும்.

அந்தச் சட்டத்துல இருந்த ரெண்டாவது விஷயத்தோட பேரு கோப்ரா. சட்டத்தோட ஆங்கிலப் பேரின் முதலெழுத்துகளைச் சேத்தா அப்படி வருது. வேலை போனாலும் கொஞ்ச காலம் பழைய இன்சூரன்ஸையே வச்சுக்கலாம், ஆனா கம்பெனி பங்கையும் நீயே கட்டணும், மேல 2 சதவீதம் நிர்வாகச் செலவு. பேரு வச்சவன் தெரிஞ்சுதான் வச்சிருக்கான்.

அந்தப் பாம்பு 2024ல அண்ணனைக் கடிச்சுது. அவர் கம்பெனியில ஒரே நாள்ல நிறைய பேரை அனுப்பினாங்க, அதுல இவரும் ஒருத்தர். அண்ணி ஆறு மாசம். இன்சூரன்ஸ் அந்த மாசக் கடைசி வரைக்கும்தான். விசாவுக்கு 60 நாள் அவகாசம், அதுக்குள்ள வேற வேலை தேடணும். சந்தையில வேற இன்சூரன்ஸ் வாங்கியிருக்கலாம். ஆனா அண்ணி பாத்துக்கிட்டிருந்த டாக்டர் அதுல வருவாரான்னு நிச்சயம் இல்ல, ஆறாவது மாசத்துல டாக்டரை மாத்த மனசு வரலை. கோப்ராவை எடுத்தார். மாசம் 2,213 டாலர், சம்பளமே வராத மாசத்துல. ரெண்டு மாசம் கட்டினார். பெரியம்மா இங்க சமயபுரத்துக்கு நடையா நடந்தாங்க. ஏழாவது வாரம் வேலை கிடைச்சுது. குழந்தை நல்லபடியாப் பொறந்தது.

இதுக்கப்புறமாவது மனசு மாறியிருப்பார்னு நினைச்சு மறுபடி பேச்சை எடுத்தேன். மாறலை. "நான் கட்டினேன்ல? யார் கிட்டயாவது கை நீட்டினேனா?"ன்னார். அதுல ஒரு கௌரவம் இருக்கு, எனக்குப் புரியுது.

"சரிண்ணா, அந்த ரெண்டு மாசம் பட்ட பாட்டுக்கு யாரைக் குத்தம் சொல்லுவீங்க? கம்பெனியையா?"

"அவங்க சட்டப்படிதான் பண்ணாங்க."

"இன்சூரன்ஸ்காரனையா?"

"அவன் வியாபாரம் பண்றான்."

"அரசாங்கத்தை?"

"அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"அப்ப யாரு?"

"யாரும் இல்லடா. என் நேரம்."

நேரம்! வேலை போனா கூடவே வைத்தியமும் போகணும்னு கிரகம் எதுவும் முடிவு பண்ணலை. 1942, 1954, 1986னு ஒவ்வொரு வருஷமும் யாரோ கையெழுத்துப் போட்டு முடிவு பண்ணினது. கையெழுத்துப் போட்டவங்க பேரு இருக்கு, தேதி இருக்கு. பாதிக்கப்பட்டவர் மட்டும் அதை நேரத்தோட கணக்குல எழுதறார். எந்த அரசியல்வாதிக்கு இதை விட வேற என்ன வேணும்?

அரசியல்வாதிகள் ஏன் இதை மறைச்சே வைக்கறாங்கன்னா, வெளிப்படையா எழுதினவங்களுக்கு என்ன ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். 1988ல மெடிகேர்ல பெரிய நோய்களுக்கான சலுகையை விரிவாக்கினாங்க. செலவை மறைக்காம, முதியவங்களே பகிர்ந்துக்கணும், வசதியானவங்க 800 டாலர் வரைக்கும் கூடுதலாக் கட்டணும்னு எழுதினாங்க. 1989 ஆகஸ்ட்ல சிகாகோவுல, நாடாளுமன்ற வரிக்குழுத் தலைவர் ராஸ்டென்கோவ்ஸ்கியோட காரைத் தாத்தா பாட்டிகளே மறிச்சுட்டாங்க. மனுஷன் காரை விட்டு இறங்கி ஓட வேண்டியதாப் போச்சு. அந்த வருஷம் முடியறதுக்குள்ள சட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. ஒபாமாவோட 2010 சட்டத்துல, விலை ஒசந்த கம்பெனி இன்சூரன்ஸுக்கு ஒரு வரி இருந்தது. மேல சொன்ன மறைமுக மானியத்தைக் கொஞ்சமாவது வெளிச்சத்துக்குக் கொண்டு வரும் வரி. 2018ல ஆரம்பிக்கும்னாங்க, அதாவது ஒபாமா வீட்டுக்குப் போனதுக்கப்புறம். அதை 2020க்குத் தள்ளினாங்க. பிறகு 2022க்கு. 2019 டிசம்பர்ல ரத்து. ஒரு டாலர் கூட வசூலாகலை.

பாடம் என்ன? செலவை ஒருத்தர் பேர்ல எழுதினா அவர் சண்டைக்கு வருவார். யார் பேர்லயும் எழுதலைன்னா யாரும் வர மாட்டாங்க. ஆனா வித்தியாசம் மறைஞ்சு போறதில்ல, எங்கயோ ஒருத்தர் உடம்புல போய் விழுது.

எங்க விழுதுன்னு பாக்கணும்னா அண்ணன் இருக்கற டெக்சாஸையே எடுத்துக்கலாம். 2010 சட்டப்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழயும் கொஞ்சம் மேலயும் இருக்கற எல்லாப் பெரியவங்களுக்கும் மெடிகெய்ட், அதுக்கு மேல சம்பாதிக்கறவங்களுக்குச் சந்தையில இன்சூரன்ஸ் வாங்க மானியம். 2012 ஜூன்ல உச்ச நீதிமன்றம், மெடிகெய்டை விரிவாக்கறது மாநிலங்களோட இஷ்டம்னு சொல்லிடுச்சு. செலவுல 90 சதவீதத்தை மத்திய அரசே குடுக்கும்னாலும் 10 மாநிலங்கள் இன்னும் ஏத்துக்கலை. டெக்சாஸ் அதுல ஒண்ணு. மானியமோ வறுமைக்கோட்டுலேருந்துதான் ஆரம்பிக்குது, ஏன்னா சட்டம் எழுதினவங்க கீழ இருக்கறவங்களை மெடிகெய்ட் பாத்துக்கும்னு நினைச்சாங்க.

விளைவைப் பாருங்க. 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு வறுமைக்கோடு 15,650 டாலர். டெக்சாஸ்ல குழந்தை இல்லாத ஒருத்தர் ஹோட்டல்ல தட்டு கழுவி வருஷத்துக்கு 16,000 சம்பாதிச்சா மானியம் உண்டு. 12,000 சம்பாதிச்சா ஒண்ணும் கிடையாது. அதிக ஏழைங்கறதால உதவி இல்ல! 10 மாநிலத்துலயும் சேத்து இப்படி நடுவுல மாட்டிக்கிட்டவங்க சுமார் 14 லட்சம் பேர். சோஃபால படுத்திருக்கறவங்கன்னு அண்ணன் சொல்றாரே, இதுல பெரும்பாலான குடும்பங்கள்ல யாராவது வேலைக்குப் போய்க்கிட்டுதான் இருக்காங்க.

இவங்க யாரைக் கேக்கறது? வாஷிங்டனைக் கேட்டா, "நாங்க 90 சதவீதம் தரோம்னு சொல்லியாச்சு, உங்க ஆளுநரைக் கேளுங்க". ஆளுநரைக் கேட்டா, "அது ஒபாமா போட்ட குளறுபடி". நீதிமன்றத்தைக் கேட்டா, "நாங்க அரசியல் சட்டத்தை மட்டும்தான் பாத்தோம்". மூணு பேர் சொல்றதும் உண்மை. அதுதான் கொடுமை.

ஆனா மக்கள் கிட்ட நேராக் கேட்ட இடத்துல பதில் வேற மாதிரி வந்தது. 2017ல மெய்ன் மாநிலத்துல வாக்கெடுப்பு, விரிவாக்கம் ஜெயிச்சுது. 2018ல ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா. 2020ல ஓக்லஹோமா, மிசௌரி. 2022ல தெற்கு டகோட்டா. இதுல மெய்னைத் தவிர எல்லாமே டிரம்ப் சுலபமா ஜெயிக்கற மாநிலம். மெய்ன் ஆளுநர், ஜெயிலுக்குப் போனாலும் போவேன், அமல்படுத்த மாட்டேன்னு நின்னார். மிசௌரி சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுத்து, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்தான் நடந்தது. டெக்சாஸ் மக்களுக்கு அந்த வழியும் இல்ல, மாநில அளவுல மக்களே மனுப் போட்டு வாக்கெடுப்பு கொண்டு வர அங்க சட்டத்துல இடமில்ல.

பொறுப்பைத் தட்டிக் கழிக்கறதுல இன்னொரு நுட்பமான வழி, தேதி. 2025 ஜூலை 4ல கையெழுத்தான சட்டப்படி, விரிவாக்கத்துல சேந்த பெரியவங்க மெடிகெய்ட் வாங்கணும்னா மாசம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ பண்ணினதா நிரூபிக்கணும். மாநிலங்கள் எல்லாம் கட்டாயமா ஆரம்பிக்க வேண்டிய நாள் 2027 ஜனவரி 1. நாடாளுமன்றத் தேர்தல் 2026 நவம்பர்ல. ரெண்டு மாச இடைவெளி தற்செயலா வந்ததுன்னு நம்பறவங்க நம்பலாம். இதே விதியை ஆர்கன்சா மாநிலம் 2018ல முயற்சி பண்ணிப் பாத்தது. மணிக்கணக்கை முதல்ல இணையத்துலதான் பதியணும்னாங்க, அந்தத் தளமோ ராத்திரி 9 மணிக்கு மூடிக் காலையில 7 மணிக்குத்தான் திறக்கும். வேலை முடிஞ்சு வரவன் எப்பப் பதிவான்? டிசம்பருக்குள்ள 18,000 பேருக்கு மேல இன்சூரன்ஸ் போச்சு. வேலைக்குப் போறவங்க எண்ணிக்கை கூடலைன்னு ஆய்வு சொல்லுச்சு. 2019 மார்ச்ல நீதிமன்றம் நிறுத்திடுச்சு. 2025 சட்டத்தால 2034க்குள்ள கூடுதலா 1 கோடிப் பேர் இன்சூரன்ஸ் இல்லாம இருப்பாங்கன்னு நாடாளுமன்றத்தோட பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டிருக்கு.

குடியரசுக் கட்சியை மட்டும் சொன்னா நியாயம் இல்ல. ஜனநாயகக் கட்சிக்காரங்க 2010ல போட்ட சட்டத்தோட முக்கியப் பலன்கள் 2014லதான் ஆரம்பிச்சுது. 10 வருஷக் கணக்குல செலவு கம்மியாத் தெரியணும்ங்கறதும் அதுக்கு ஒரு காரணம். சந்தை இன்சூரன்ஸ் மானியத்தை 2021ல உயர்த்தினவங்க அதை நிரந்தரமா எழுதலை. 2022ல நீட்டிச்சப்பவும் 2025 முடிவு வரைக்கும்னுதான் எழுதினாங்க, அடுத்த ஜனாதிபதித் தேர்தல் தாண்டற வரைக்கும். அந்தச் சண்டையிலதான் 2025 அக்டோபர் 1லேருந்து நவம்பர் 12 வரைக்கும் 43 நாள் அரசாங்கமே முடங்குச்சு. கடைசியில உயர்த்தின மானியம் டிசம்பர் 31ஓட காலாவதியாச்சு. ரெண்டு கட்சியும் மத்தவங்களைக் கை காட்டினாங்க.

இங்க அண்ணனோட இன்னொரு வாதத்துக்குப் பதில் சொல்லணும், ஏன்னா அது பலமான வாதம். "அரசாங்கத்துக் கிட்ட குடுத்தா உருப்படுமா? நம்மூரு ஜிஹெச்சைப் பாத்தவன்தானே நீ?" பாத்திருக்கேன். ஆனா ஜிஹெச்ல மருந்து இல்லைன்னா யாரைத் திட்டணும்னு வரிசையில நிக்கற பாட்டிக்குத் தெரியும், "என் நேரம்"னு சொல்லாது, ஆட்சியைத்தான் சொல்லும்.

பிரிட்டன்ல 1948 ஜூலை 5ல எல்லாருக்கும் இலவச வைத்தியம் ஆரம்பிச்ச மந்திரி அனூரின் பெவன், ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில பெட்பேன் கீழ விழுந்தா அந்தச் சத்தம் நாடாளுமன்றத்துல கேக்கணும்னு சொன்னதாச் சொல்வாங்க. அங்க எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு சொல்ல வரலை. இங்கிலாந்துல சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 2023 செப்டம்பர்ல 77 லட்சத்தைத் தாண்டுச்சு. ஆனா அதுக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பட்டியலைக் குறைக்கறேன்னு 2023 ஜனவரியில வாக்குக் குடுத்தவர் பிரதமர் ரிஷி சுனக். முடியலைன்னு 2024 பிப்ரவரியில ஒத்துக்க வேண்டியதாச்சு. ஜூலைத் தேர்தல்ல தோத்தார். தோத்ததுக்கு வேற காரணங்களும் உண்டு. ஆனா பட்டியல் யாரோடதுன்னு யாருக்கும் சந்தேகம் இல்ல.

இதுக்காக எல்லாத்தையும் அரசாங்கமே நடத்தணும்னு அவசியமும் இல்ல. சுவிட்சர்லாந்துல 1996லேருந்து தனியார் இன்சூரன்ஸ்தான், எல்லாரும் கட்டாயம் எடுக்கணும், முடியாதவங்களுக்கு அரசு மானியம். ஜெர்மனியில 1883லேருந்து நோய்க்கால நிதியங்கள். வழி வேற வேற. எல்லாத்துலயும் பொதுவா இருக்கறது ஒண்ணுதான்: ஒரு ஆள் விட்டுப் போச்சுன்னா அது யாரோட தப்புன்னு சட்டத்துல எழுதியிருக்கு. அமெரிக்காவுல வரி அதிகமாகும், கடன் ஏறும்னு சொல்றவங்க கவலையும் பொய் இல்ல. ஆனா அந்தக் கவலை உண்மைன்னா, மறைஞ்சு போற 30,000 கோடியைப் பத்தியும் அதே சத்தத்துல கத்தணும். அதை யாரும் கத்திக் கேக்கலை.

2010ல அமெரிக்காவுல 4.8 கோடிக்குப் பக்கத்துல இருந்த இன்சூரன்ஸ் இல்லாதவங்க எண்ணிக்கை 2023ல 2.6 கோடியாக் குறைஞ்சுது. சட்டம் போட்டா மாத்த முடியும்னு இதுவே சாட்சி. அப்ப மீதி இருக்கறதும் விதி கிடையாது, யாரோ எடுத்த முடிவுதான்.

அதனால வகுப்புல அடுத்த தடவை இந்தச் சண்டை வந்தா, யார் காசு குடுக்கறதுன்னு ஆரம்பிக்காதீங்க மக்களே. அது ஓரளவுக்குத் தெரிஞ்ச கணக்கு. ஒருத்தருக்கு வைத்தியம் கிடைக்கலைன்னா எந்தத் தேர்தல்ல, எந்த ஆளை, எந்தக் கையெழுத்துக்காகக் கேள்வி கேக்கலாம்னு கேளுங்க. 2027 ஜனவரியில அமெரிக்காவுல எங்கயோ ஒரு தட்டு கழுவறவர், 80 மணி நேரத்தைப் பதிய விட்டுப் போச்சுன்னு மருந்துக்கடையில திருப்பி அனுப்பப்படுவார். அவர் யார் கணக்குல எழுதுவார்? நேரம்னு எழுதாம இருந்தா நல்லது.